கோட்டில் பட்ட கால்

"கண்ணாடிக் கடையில வேலை செய்யிறவளுக்கே கண் தெரியேல்லையெண்டா, அவளிட்டைக் கண்ணாடி வாங்கின நாங்கள் எங்கை போய் முட்டுறது?"

சொல்லிவிட்டு யேசுரட்ணம் தோசைத் துண்டை வாயில் வைத்தார். அதை விழுங்குவதற்குள் கதவு திறந்தது.

லக்ஷனா.

கடையிலிருந்த அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் தட்டுக்குள் இறங்கின.

"ஏன் நிப்பாட்டிப்போட்டியள், யேசு மாமா? சொல்லுங்கோ," என்றாள் அவள். "உங்களுக்கு நான் தந்தது பேப்பர் வாசிக்கிற கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு மைதானத்தில மட்ச் பாத்தா இப்பிடித்தான் தெரியும்."

பின்மேசையில் ஒருவருக்குச் சிரிப்பில் புரையேறியது. யேசுரட்ணம் சாம்பாரைப் பார்த்துக்கொண்டு, "நாக்கு மட்டும் தாயைப்போல," என்று முணுமுணுத்தார்.

பாரிஸின் லா ஷப்பலில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இதுதான் பேச்சு. சலூனில், மரக்கறிக் கடையில், மெத்ரோ வாசலில். முக்கியமாக அவளுடைய அப்பா இராஜதுரையின் சைவ உணவகத்தில்.

கார்ஜ் லே கொனெஸ் மைதானத்தில் அரையிறுதி. அமெரிக்கன் ஃபுட்பால். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, தலைக்கவசத்தோடு மோதி ஓடுகிற விளையாட்டு. கடைசி நிமிடம், கடைசிப் பந்து. கார்ஜ் 'சங்லியே' அணியின் ஐங்கரன் எம்பிப் பாய்ந்து, எதிரணியின் கடைசிக் கட்டத்து மூலையில் பந்தைப் பிடித்தான். பிடி செல்லும் என்றால் வெற்றி. செல்லாது என்றால் வீட்டுக்கு.

பக்கக் கோட்டில் கறுப்பு வெள்ளை வரிச் சட்டையோடு நின்ற நடுவர் இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் குறுக்கே வீசினார். செல்லாது. கால் வெளியே.

அந்த நடுவர்தான் லக்ஷனா.

ஐங்கரன் அவளுடைய சொந்த மச்சான். இராஜதுரையின் தங்கை மகன். இரண்டு வீட்டாரும் பேசி முடித்திருந்த கல்யாணத்தை மாசி மாதம் லக்ஷனா வேண்டாம் என்று சொன்னதும், அக்காவுக்காக வாய் திறந்த தம்பி பிருந்தாபனை இராஜதுரை வாசலைக் காட்டி அனுப்பியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். பிருந்தாபன் போனவன் போனவன்தான். நம்பரையும் மாற்றிவிட்டான். அவன் பெயரை அதற்குப் பிறகு இந்தக் கடையில் எவரும் உச்சரிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரவேண்டிய நடுவர் காய்ச்சலில் படுத்ததால்தான் லக்ஷனாவுக்கு அழைப்பு வந்தது. 'அந்த அணியில் என் மச்சான் விளையாடுகிறான்' என்று தலைமை நடுவர் ஜிஸ்லேனிடம் அவள் முன்கூட்டியே சொன்னாள். வேறு ஆளில்லை, நில் என்றாள் ஜிஸ்லேன். நின்றாள்.

இப்போது முறைப்பாடு. 'கல்யாணம் குழம்பிய ஆத்திரத்தில் வேண்டுமென்றே செய்தாள்.' கொடுத்தவர் சங்லியே கழகத்தின் தலைவர் பிலிப். தோற்ற ஆட்டம் திரும்பி வராது. ஆனால் இன்று மாலை ஆறு மணிக்கு சென்-தெனியில் கூடும் விசாரணைக் குழு அதை நம்பினால், லக்ஷனா இனி எந்த மைதானத்திலும் அந்த வரிச் சட்டையைப் போட முடியாது. நண்பிகளின் பிறந்தநாள்களையும் கடற்கரைப் பயணங்களையும் விட்டு, மழை ஞாயிறுகளில் சேற்றில் நின்று அவள் சம்பாதித்த சட்டை அது.

"பிள்ளை, இஞ்சை வா."

கல்லாவுக்குப் பின்னாலிருந்து இராஜதுரை கூப்பிட்டார். தோளில் மஞ்சள் துவாய். முகத்தில் கோபமில்லை. அதுதான் லக்ஷனாவுக்குப் பயமாக இருந்தது.

அவருடைய தலைக்கு மேலே சுவரில் சங்லியே அணியின் சட்டை தொங்கியது. சங்லியே என்றால் காட்டுப்பன்றி. சட்டையின் முன்பக்கம் பல்லைக் காட்டும் பன்றி. பின்பக்கம் இராஜதுரை சைவ உணவகம். மருமகன் விளையாடுகிறான் என்பதற்காக அவர் கொடுத்த ஆதரவு. அதை முதன்முதலில் பார்த்த நாளில் மனைவி கோசலை நெற்றியில் கை வைத்தாள். "வராக அவதாரமெண்டு நினையுமப்பா," என்று சமாளித்தார் இராஜதுரை. அன்றிலிருந்துதான் லா ஷப்பலில் இந்த விளையாட்டுக்கு ஒரு ரசிகர் கூட்டம். விதிகள் பாதி தெரியாது. சத்தம் முழுதாகத் தெரியும்.

"கமிசியோனில, அந்த விசாரணையில, என்ன சொல்லப்போறாய்?"

"பாத்ததைச் சொல்லுவன்."

"நீ பாத்தது பிழையெண்டா?"

"பிழையில்லை அப்பா."

"நான் உன்னைப் பொய் சொன்னனி எண்டு சொல்லேல்லை. பிழை விட்டனி எண்டுதான் சொல்லுறன். நடுவர் எண்டா பிழை விடுறதுதான். ஒரு மன்னிப்புக் கேட்டா பிலிப் முறைப்பாட்டைத் திருப்பி எடுப்பார். உன்ர மாமியும் எங்களோட கதைப்பா." குரலைத் தாழ்த்தினார். "சாட்சி வந்திருக்கு."

கைபேசியை அவள் முன்னால் நீட்டினார்.

"காலமை எங்கட ரசிகர் குறூப்புக்கு ஆரோ அனுப்பியிருக்கிறான். புது நம்பர். பேருமில்லை, ஒரு சொல்லுமில்லை. கடவுளாப் பாத்து அனுப்பினமாதிரிக் கிடக்கு."

வீடியோ ஓடியது. சத்தமில்லாமல். கடையில் இராஜதுரையின் கைபேசி எப்போதும் வாய் மூடியே இருக்கும். பக்திப் பாட்டுக்கு நடுவில் அது அலறுவது அவருக்குப் பிடிக்காது.

மைதானத்தின் மூலையிலிருந்து, கோட்டுக்கு நேராக எடுத்த படம். ஐங்கரன் பாய்கிறான். பந்து கைக்குள் வருகிறது. வலக்கால் இறங்குகிறது.

இராஜதுரை படத்தை அங்கேயே நிறுத்தினார்.

"எங்கை இறங்குது, சொல்லு? கோட்டில. வெள்ளைக் கோட்டில, முத்திரை குத்தினமாதிரி." தோளிலிருந்த துவாயை எடுத்து ஒரு விசுக்கில் நிலத்தைக் காட்டினார். "உள்ளை!"

மேசைகளில் கைதட்டல் எழுந்தது. அந்தச் சைகை அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு கோடையிலும் பாரிஸில் நடக்கும் ஊர்ச் சங்கங்களின் கரப்பந்துப் போட்டியில் கோட்டில் கொடி பிடிப்பவர் இராஜதுரைதான். கொடி கீழே போனால் பந்து உள்ளே. தலைக்கு மேலே போனால் வெளியே. அவர் கொடி காட்டினால் சண்டியர்களும் வாய் திறப்பதில்லை.

"கோட்டில பட்டது உள்ளை," என்றார் யேசுரட்ணம். "குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும். இவள் மஞ்சள் கொடியையும் எல்லோ எறிஞ்சவள்!"

"நான் கொடி எறியேல்லை, யேசு மாமா. கொடி எறியிறது குற்றத்துக்கு. இது குற்றமில்லை. செல்லாத பிடி. அவ்வளவுதான்."

சொல்லிக்கொண்டே லக்ஷனா வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும். கால் இறங்கும் இடத்தில் விரலால் பெரிதாக்கினாள்.

கைபேசியை முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஐங்கரன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது வேறு கதை. 'கால் ஒரு முழம் உள்ளை.' முறைப்பாட்டிலும் அதுதான். அதை மறுக்க லக்ஷனாவிடம் அவளுடைய கண்ணைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இதோ சாட்சி. கால் கோட்டில். சந்தேகத்துக்கே இடமில்லாமல் கோட்டில்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் கோடு மைதானத்துக்கு உள்ளே சேர்ந்ததல்ல. கோட்டைத் தொட்டால் வெளியே.

அவளைக் காப்பாற்றுகிற ஒரே படம், அவள் தோற்றுவிட்டாள் என்று கைதட்டுகிறவர்களின் கையில் இருந்தது. அவர்களுக்கு அது தெரியாது.

"அப்பா," என்றாள். "இதை எனக்கும் அனுப்புங்கோ."

"அனுப்புறன், அனுப்புறன். ரயிலில பாத்துக்கொண்டு போ. பாத்தா மனம் மாறும்."

அவருடைய விரல் அவள் பெயரைத் தேடியது. கண்டுபிடித்தது.

ஒரு சொல்லும் பேச வேண்டியதில்லை. வாங்கிக்கொண்டு கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்தால் போதும். குழுவில் காட்டலாம். வெல்லலாம். தான் நீட்டிய கத்திதான் தன் தங்கை வீட்டைக் குத்தியது என்று அப்பாவுக்கு நாளைக்குத் தெரியவரும்.

"நில்லுங்கோ," என்றாள் லக்ஷனா.

விரல் நின்றது.

"அனுப்ப முதல் ஒண்டு தெரிஞ்சுகொண்டு அனுப்புங்கோ. இந்த விளையாட்டில கோடு வெளியை. கோட்டில பட்டா செல்லாது. இந்த வீடியோ உங்கட பக்கச் சாட்சியில்லை, அப்பா. என்ர பக்கம்."



எல்லா மேசைகளும் ஒரேயடியாகப் பேசின.

"விசர்க் கதை!"

"கோடு வெளியையெண்டா பேந்து ஏன் கோடு கீறுறான்?"

"டெனிஸில உள்ளை, ஃபுட்போலில உள்ளை, வொலிபோலில உள்ளை. இவளுக்கு மட்டும் வெளியையோ?"

"அமெரிக்கன் எல்லாத்தையும் தலைகீழாத்தான் செய்வான், அது உண்மை."

"நீ ஆற்ரை பக்கம்?"

"நான் வடைப் பக்கம். வடை வரட்டும், பேந்து சொல்லுறன்."

லக்ஷனா குசினிக்குள் போனாள். வெளியே வந்தபோது கையில் ஒரு கிண்ணம் அரிசிமா.

"அடியேய், அது பின்னேரப் புட்டுக்கு வைச்ச மா!" என்று பின்னாலேயே வந்தாள் கோசலை.

"கொஞ்சந்தானம்மா."

மேசைகளுக்கு நடுவே, துடைத்து வைத்த தரையில், லக்ஷனா மாவினால் ஒரு நேர்கோடு போட்டாள். மரக்கறிக் கூடையிலிருந்து விரியாத முழு வாழைப்பூவான ஒரு வாழைப்பொத்தியை எடுத்து யேசுரட்ணத்திடம் எறிந்தாள். இரண்டு பக்கமும் கூராக, நடுவில் பருத்து, அளவும் வடிவும் அச்சாகப் பந்துதான்.

"யேசு மாமா, நீங்கள் ஐங்கரன். பாயுங்கோ."

"நானோ? இந்த வண்டியோடையோ?" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

"பாயுங்கோ யேசண்ணை!" என்று கத்தினார்கள் பின்மேசைக்காரர்கள்.

யேசுரட்ணம் வாழைப்பொத்தியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பாய்ந்தார். அதைப் பாய்ச்சல் என்பது மரியாதைக்குத்தான். வலக்கால் மாக்கோட்டின் மேல் பொத்தென்று விழுந்தது. கதிரை ஒன்று சரிந்தது.

"ஆ! கோட்டில! உள்ளை!" என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொன்னார்.

"உங்களுக்கு விளங்கிறமாதிரிச் சொல்லுறன்," என்றாள் லக்ஷனா. "இந்தப் பக்கம் உங்கட காணி. அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரன்ர காணி. நடுவில வேலி. வேலி ஆற்ரை?"

யேசுரட்ணம் நெஞ்சை நிமிர்த்தினார். "என்ர."

"எல்லாருக்கும் தன்ர எண்டுதான் சொல்ல வரும். அதாலதானே கேசு. வொலிபோலில வேலி உங்கட. சரி. இந்த விளையாட்டில வேலி பக்கத்து வீட்டுக்காரன்ர எண்டு முதலே எழுதி வைச்சாச்சு. இப்ப உங்கட கால் எங்கை நிக்குது?"

யேசுரட்ணம் கீழே பார்த்தார். கடை முழுவதும் அவருடைய காலைப் பார்த்தது.

வேலி விவகாரம் அங்கிருந்தவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வேலிக் கதியால் ஒரு சாண் தள்ளிப் போட்டதற்காகத் தலைமுறையாகப் பேசாமல் இருக்கும் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்.

"அவன்ர காணியில," என்றார் யேசுரட்ணம் மெதுவாக. காலை எடுத்தார். "துரையண்ணை… பெட்டை சொல்லுறது சரிபோல கிடக்கு."

இராஜதுரை கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோசலை கணவனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். விளையாட்டைப் பற்றி அவளுக்கு அக்கறை இல்லை. "இதை ஆர் எடுத்தது?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குள் கதவு மறுபடி திறந்தது.

முன்னால் பிலிப். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசாங்க வேலையில் ஓய்வுபெற்று, சங்லியே கழகத்தைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறவர். பின்னால் ஐங்கரன். வேலை உடுப்போடு ஓடிவந்திருந்தான். நெற்றியில் வியர்வை.

"போன்ழூர், போன்ழூர் எல்லாருக்கும். என்னா மெஸ்யே ராஜதுரை, தரையில கோலம்லாம் பலமா இருக்கு?"

ஐங்கரன் நேராகக் கல்லாவுக்குப் போனான். "மாமா, குறூப்பில வந்த அந்த வீடியோ… அதை அழிச்சுப்போடுங்கோ."

"ஏன் தம்பி?"

"அது… வடிவா இல்லை. தெளிவில்லை."

"எனக்குத் தெளிவாத் தெரியுதே."

"எந்த வீடியோ?" என்றார் பிலிப். அவருக்கு அது புதிது. இராஜதுரை கைபேசியை அவரிடம் கொடுத்தார். பிலிப் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு போகாமல் அப்படியே காய்ந்து போனது. ஐங்கரனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"ஒரு முழம் உள்ளன்னு சொன்னியேப்பா நீ."

ஐங்கரன் சட்டைக் கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தான்.

"மெஸ்யே பிலிப்," என்றார் இராஜதுரை. "உங்களுக்கு இந்த விளையாட்டு எத்தினையோ வருசப் பழக்கம். நான் வொலிபோல்காரன். ஒரேயொரு கேள்வி. கோட்டில பட்டா உள்ளைதானே?"

பிலிப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். லக்ஷனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத பாருங்க," என்றார் கடைசியில். "நான் தம்பி சொன்னத நம்பித்தான் புகார் குடுத்தேன். இப்ப இதை எடுத்துட்டுப் போனா கிளப்புக்கு ஒந்த். அவமானம். அடுத்த வருஷம் எந்தப் பையன் வருவான்? வேற வழி இருக்கு. பொண்ணு 'எனக்கு நிச்சயமாத் தெரியல'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் அங்கேயே புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். பொண்ணுக்கு நடுவர் லிசான்ஸ் போகாது. பையனுக்கும் பேர் கெடாது. வீடியோவ அழிச்சுடலாம். ஃபமிய்க்குள்ள, குடும்பத்துக்குள்ள, முடிஞ்சுது. என்னா?"

நல்ல கணக்கு. எல்லோருக்கும் ஏதோ கிடைக்கிறது. மேசைகளில் சில தலைகள் ஆடக்கூடச் செய்தன.

"எனக்கு நிச்சயமாத் தெரியும்," என்றாள் லக்ஷனா.

"ஒரு வார்த்தைதானேம்மா."

"அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நான் ஏன் கோட்டில நிக்கவேணும், மெஸ்யே பிலிப்? ஒவ்வொரு ஞாயிறும் ஆரோ ஒருத்தன்ர மாமா வருவார், ஆரோ ஒருத்தன்ர தலைவர் வருவார். ஒவ்வொருத்தருக்கும் ஒரு சொல் குடுத்துக்கொண்டிருந்தா அந்தச் சட்டையைக் கழட்டி அம்மாட்டைக் குடுத்திடலாம். குசினி துடைக்க."

"வாய்!" என்றாள் கோசலை. ஆனால் அந்தச் சொல்லில் அடி இல்லை.

"நான் வீடியோ இல்லாமலும் போவன்," என்றாள் லக்ஷனா தகப்பனைப் பார்த்து. "உங்களிட்டைப் பறிக்கமாட்டன். களவாயும் எடுக்கமாட்டன். அதுக்குத்தான் முதலே சொன்னனான். நீங்களே பாருங்கோ அப்பா. கொடி உங்கட கையில."

இராஜதுரை அவளைப் பார்க்கவில்லை. மருமகனைப் பார்த்தார்.

"தம்பி ஐங்கரன். கால் பட்டது உனக்குத் தெரியுமோ?"

"மாமா… அவ்வளவு வேகத்தில…"

"வேகத்தைக் கேக்கேல்லை. தெரியுமோ?"

ஐங்கரன் பின்னால் ஒரு அடி வைத்தான். வைத்த பிறகுதான் எல்லோரும் கண்டார்கள். அவனுடைய சப்பாத்து மாக்கோட்டின் மேல் நின்றது. அவனும் கண்டான். சூடுபட்டவன் போலச் சடாரென்று காலை உள்ளே இழுத்தான்.

கோட்டில் பட்டது உள்ளே என்று நம்புகிறவன் காலை அப்படி இழுக்கமாட்டான்.

யேசுரட்ணம் வாழைப்பொத்தியை மேசையில் வைத்தார். "ஐயோ ராசா," என்றார்.

இராஜதுரை கைபேசியைக் கல்லாவில் வைத்தார். "என்ர தங்கச்சிக்கு நான் என்ன சொல்லப்போறன்?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

"உண்மையைச் சொல்லுங்கோ," என்றாள் கோசலை. "கொஞ்ச மாசத்துக்குக் கதைக்கமாட்டா. பேந்து தீபாவளிக்குப் பலகாரச் சட்டி இரவல் வாங்க வருவா. உங்கட தங்கச்சியை எனக்குத் தெரியாதே."

இராஜதுரை கல்லாவை விட்டு வெளியே வந்தார். மாக்கோட்டின் முனையில், கோட்டுக்கு நேராக, கால்களைச் சேர்த்து நின்றார். கோடையில் நிற்பதுபோலவே. தோளிலிருந்த மஞ்சள் துவாயை எடுத்தார்.



துவாய் அவருடைய தலைக்கு மேலே உயர்ந்தது. கை நேராக. ஆடாமல்.

வெளியே.

"மெஸ்யே ராஜதுரை, கொஞ்சம் யோசிச்சு…"

"கொடி ஏறினாப்பிறகு யோசிக்கிறேல்லை, மெஸ்யே பிலிப். ஆற்ரை ஊர்ப் பந்தெண்டு பாத்து நான் ஒருநாளும் கொடி காட்டினதில்லை. இவளும் பாக்கேல்லை. நான்தான் இவ்வளவு நாளும் என்ர மருமோன்ர காலெண்டு பாத்தனான்." துவாயை இறக்கித் தோளில் போட்டார். "சுவரில கிடக்கிற சட்டை அங்கேயே கிடக்கும். அடுத்த வருசமும் என்ர கடைப் பேர் உங்கட முதுகில இருக்கும். ஆனா இண்டைக்கு இந்த வீடியோ சென்-தெனிக்குப் போகுது."

பிலிப் கையை விரித்தார். கதவைத் திறந்தார். ஐங்கரன் வாசல்வரை போய்த் திரும்பினான்.

"லக்ஷனா… மச்சாள்…"

"ஆறு மணிக்கு நீயும் அங்கை வரலாம்," என்றாள் அவள். "கதவு எல்லாருக்கும் திறந்துதான் இருக்கும்."

அவன் போய்விட்டான். வருவானா மாட்டானா என்பது அவனுடைய முதுகில் எழுதியிருக்கவில்லை.

யேசுரட்ணமும் கூட்டாளிகளும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். "பெட்டை, நாளைக்கு வாறன். தூரப் பார்வைக்கும் ஒண்டு பாத்து வை," என்றார் யேசுரட்ணம் போகும்போது. அது அவர் கேட்ட மன்னிப்பு. லக்ஷனாவுக்கு விளங்கியது.

கடை வெறுமையானது. பாட்டுப் பெட்டியை கோசலை நிறுத்தினாள். தும்புத்தடியை எடுத்தாள், மாக்கோட்டைக் கூட்டாமல் அதைச் சுற்றிக் கூட்டினாள்.

"அனுப்பியாச்சு," என்றார் இராஜதுரை. "வந்ததோ எண்டு பார். பொறு, நானும் வாறன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாறன்."

"நீங்களும் வாறியளோ?"

"கொடி காட்டினவன் கோட்டை விட்டுப் போகலாமோ?"

லக்ஷனாவுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கக் குனிந்து தன் கைபேசியைப் பார்த்தாள். வீடியோ வந்திருந்தது. சரியாகத் திறக்கிறதா என்று ஒரு தடவை தட்டினாள்.

அவளுடைய கைபேசிக்கு வாய் இருந்தது.

மைதானத்தின் இரைச்சல் கடைக்குள் பாய்ந்தது. மேளம். 'சங்லியே! சங்லியே!' என்ற கூச்சல். ஐங்கரன் பாய்கிறான். கால் இறங்குகிறது. கூட்டம் ஓவென்று அலறுகிறது.

பிறகு, கமராவுக்கு மிக அருகில், ஒரு இருமல். வறண்ட, இரண்டு துண்டாக உடைந்த இருமல்.

கோசலையின் கையிலிருந்து தும்புத்தடி விழுந்தது.

இருமலுக்குப் பின்னால், படம் முடியும் இடத்தில், ஒரு இளங்குரல் மெல்லச் சொன்னது:

"அக்கா சரியாத்தான் பாத்தவ."

வீடியோ நின்றது.

காலையிலிருந்து இந்தக் கடையில் எத்தனை பேர், எத்தனை தடவை பார்த்த படம். ஒருவரும் கேட்கவில்லை.

"திரும்பப் போடு," என்றாள் கோசலை.

போட்டாள். மேளம். கூச்சல். இருமல். அக்கா சரியாத்தான் பாத்தவ.

"நெஞ்சுச்சளி," என்றாள் கோசலை. அவள் அழவில்லை. "குளிர் தொடங்கினதிலயிருந்து மாறேல்லை. மருந்தெடடா எண்டு நான் சொல்லிக்கொண்டிருக்கேக்கதான் நீங்கள் அவனை வெளியால போகச் சொன்னனீங்கள்."

இராஜதுரை கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சப்பாத்து ஒரு காலில் மட்டும் இருந்தது.

"அவன் மட்சுக்கு வந்திருக்கிறான்," என்றாள் லக்ஷனா. "எனக்குப் பின்னால, அந்த மூலையில. நான் திரும்பிப் பாக்கேல்லை, அம்மா. கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது."

"எடுக்காதது நல்லது." கோசலை கணவனிடம் கையை நீட்டினாள். "ஃபோனைத் தாருங்கோ. அந்தப் புது நம்பர் அதிலதானே இருக்கு."

"நான் கதைக்கட்டோ?" என்றார் இராஜதுரை.

"நீங்கள் பிள்ளையோட போங்கோ. அவளுக்கு நேரமாகுது. ஒரு பிள்ளைக்கு நீங்கள் நில்லுங்கோ. மற்றப் பிள்ளைக்கு நான் நிக்கிறன்."

அவர் கைபேசியைக் கொடுத்தார். மற்றச் சப்பாத்தை மாட்டினார். கதவடியில் நின்று ஒரு முறை திரும்பினார். அந்தப் பெயர் உதடுவரை வந்தது. "பிருந்தாபனுக்கு…" என்று தொடங்கி, முடிக்க முடியாமல் மகளின் பின்னால் இறங்கிப் போனார்.

கண்ணாடிக்கு வெளியே இரண்டு பேரும் கார் து நோர் பக்கம் நடந்தார்கள். தோளில் கிடந்த மஞ்சள் துவாயை இராஜதுரை எடுத்து வைக்க மறந்திருந்தார். அப்படியே சென்-தெனிக்குப் போகப்போகிறார்.

கோசலை கையைச் சேலையில் துடைத்தாள். அந்தப் பெயரில்லாத நம்பரை அழுத்தினாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. தரையில் கிடந்த மாக்கோட்டை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். எடுக்கமாட்டான். தகப்பனின் நம்பர் என்று பார்த்து வைத்துவிடுவான். வைத்தால் மறுபடி அழைப்பேன். அதையும் வைத்தால் மறுபடி.

மணி நின்றது.

மறுபக்கம் யாரோ எடுத்திருந்தார்கள். பேச்சில்லை. எங்கோ ஒரு ரயில் கடந்து போகும் ஓசை மட்டும்.

கோசலையும் பேசவில்லை. காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவன் எவ்வளவு அடக்கியும், அது வந்தது. வறண்ட, இரண்டு துண்டாக உடைந்த இருமல்.